சில்லறை தேடும் நேரம்

நான் வித்தது மல்லாட்டை இல்ல.
மல்லாட்டை எவன் கொல்லையிலயும் கெடக்கும்.
காருக்குள்ள இருக்கிறவன் சட்டைப் பையைத் தடவி,
பொண்டாட்டி கைப்பையைக் கவுத்துக் கொட்டி,
அம்பது ரூவா நோட்டுக்கு மேல
இன்னும் ஒரு அஞ்சு ரூவா தேடினானே,
அந்த நேரத்தைத்தான் வித்தேன்.
அரை நிமிசம். ஒருசில நாள் முக்கா நிமிசம்.
அதுல மூணு பொட்டலம் போவும்.

பள்ளிகொண்டா டோல்கேட்டுல
நாலாவது வரிசை என்னுது.
கொய்யாக் கூடையோட நவ்ஷாத்துக்கு ஆறாவது.
அகரஞ்சேரி தேசம்மா மட்டும்
வெள்ளரிப் பிஞ்சைப் பூ மாதிரி கீறி வெச்சிகினு
எந்த வரிசை நீளமோ அங்க ஓடுவா.
சண்டையும் உண்டு.
ஒருத்தி மேல ஒருத்தி மொளகாப்பொடி வீசினதும் உண்டு.

அப்புறம் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்க.
தீப்பெட்டி நீளந்தான் இருக்கும்.
அது கம்பத்து மேல கீற பொட்டிகிட்ட ஏதோ சொல்லும்,
பொட்டி ஏதோ கேக்கும்.
இன்னா பேசிக்குதுங்களோ.
நம்ம காதுக்கு வர்றது 'கீச்'சுனு ஒரு சத்தம்.
கட்டை தூக்கிக்கும்.
"அம்மா மல்லாட்..."
மீதி 'டை'யைப் பொகைகிட்ட சொன்னேன்.

பெருமாள் படுத்துகினு கீற ஊரு இது.
இந்த ஊருல நிக்காம போறதுக்கு
இத்தினி அவசரம்.

குழு லோனை செவ்வாக்கெழம கட்டணும்.
வசூலுக்கு வர்ற பொண்ணு சொல்லிச்சி:
"கழுத்துல ஸ்கேன் அட்டை மாட்டிக்கோக்கா,
சில்லறை இல்லன்னு எவனும் தப்பிக்க முடியாது."
மாட்டிகினேன்.
நம்பரு எம் பொண்ணுது,
அது மாதனூர்ல ஷூ கம்பெனிக்குப் போவுது.
புளியங்கொட்டை சிந்தின மாதிரி கட்டங்கட்டமா ஒரு படம்.
ஓடற காருல இருந்து அதை எவன் புடிப்பான்?
வெயிலுக்கு விசிறிக்க ஆச்சு.

பொங்கலுக்கு முந்தின சனிக்கெழம
பொட்டிக்குக் காது அடைச்சிகிச்சி.
சர்வர் டவுன்னாங்க.
கந்தனேரி வரைக்கும் வண்டி.
ஒருத்தன் கதவைத் தொறந்து ரோட்டுல நின்னுகினு
"இந்த நாடு உருப்படவே உருப்படாது"ன்னான்,
சொல்லிட்டு நாலு பொட்டலம் வாங்கினான்.
பதினோரு மணிக்கே கூடை காலி.
வூட்டுக்கு ஓடி ரெண்டாவது குண்டான் ஏத்தினேன்.
இது வேவறதுக்குள்ள சர்வர் சரியாயிடக் கூடாதுன்னு
அடுப்பைப் பாத்தே கும்பிட்டேன்.

திரும்பி வந்தா
வரிசைக்கு நடுவுல ஆம்புலன்ஸு.
வேலூருக்குப் போறது.
உள்ள ஒரு ஆம்பள, மூக்குல கொழாய்.
நவ்ஷாத் கூடையைக் கீழ போட்டான்.
தேசம்மா புடவையை இழுத்துச் சொருவிகினு
பம்பரைத் தட்டினா.
"ஒதுங்குய்யா, ஒதுங்குய்யா"ன்னு
இருவது காரு தாண்டி கத்தினோம்.
வண்டி போனப்புறம்
கொய்யா பொறுக்கிகினு இருந்தான் அவன்.
நான் கும்பிட்டதை யார்கிட்டயும் சொல்லல.

மூணு மணிக்கு மறுபடியும் கீச்.
கடைசியா ஒரு ஓசூர் வண்டிக்காரன்
"அனுப்பிட்டேன்மா, சுத்துது பாருங்க, சுத்துது"ன்னு
போனைக் காட்டிகினே போய்ட்டான்.
நானும் விட்டுட்டேன்.
ராத்திரி குண்டான் கழுவும்போது
எம் பொண்ணு போன் மினுக்குச்சி.
நாப்பது ரூவா.
அவன் ஓசூர் போய்ச் சேந்துட்டான் போல.

இப்ப வரிசைக்கு நான் போறதில்ல.
ஓரமா ஒரு எடம் கீது,
கணக்குல காசு இல்லாத வண்டியை
அங்கதான் தள்ளி நிறுத்துவாங்க.
லாரிதான் ஜாஸ்தி.
நாமக்கல்லுல மொதலாளி தூங்கி எழுந்து
காசு போடற வரைக்கும்
டிரைவரு டயரைத் தட்டிப் பாப்பாரு,
துண்டை உதறுவாரு,
என் கூடையைப் பாப்பாரு.
"கையில பத்து ரூவாதாம்மா இருக்கு."
பத்து ரூவாய்க்குப் பொட்டலம் இல்ல.
பேப்பரைச் சின்னதா கிழிக்கிறேன்.